விழுந்த டம்ளர் யாருடையது? தங்கவயலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

நிலம் அதிர்ந்து வாடகை வீட்டுச் சுவர் விரிசல் விட்டால் அது வீட்டுக்காரர் கவலை. அதே அதிர்வில் அலமாரியிலிருந்து விழுந்து நசுங்கிய எவர்சில்வர் டம்ளர் யார் கவலை? அறிஞர் உலகம் இக்கேள்வியைத் தீண்டவில்லை. நாம் தீண்டுவோம்.

2. களம்

இதற்குக் கோலார் தங்கவயலை விஞ்சிய களமில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் தோண்டக் கால்வைத்தது முதல், தொழிலாளர் குடியிருந்த லைன் வீட்டின் சுவர் கம்பெனியுடையது; கூரை கம்பெனியுடையது; கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சாம்பியன் ரீப் சுரங்கமும் கம்பெனியுடையது. 1956இல் எல்லாம் சர்க்கார் கைக்கு மாறியது. சுவர் மட்டும் குடியிருந்தவர் கைக்கு மாறவில்லை. அவருக்கென்று இருந்தவை சட்டி, பானை, டிரங்குப் பெட்டி.

3. வீழ்ச்சியின் படிநிலைகள்

தோண்டிய இடத்தைச் சுற்றியுள்ள பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென நொறுங்கும். பழைய சுரங்கப் பதிவுகள் இதை ‘ஏர் பிளாஸ்ட்’ என்றன. மேலே வீட்டில் இது மூன்று படியாக நிகழும். முதலில் கிணுகிணுப்பு: அடுக்கிய டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசும். அடுத்து நகர்வு: ஓரத்து டம்ளர் இன்னும் ஓரத்துக்கு வரும். மூன்றாவது, வீழ்ச்சி. அதைக் குனிந்து எடுக்குமுன் வீட்டுப் பெண்கள் வாசலுக்கு ஓடி, இப்போது எந்த ஷிப்ட் கீழே இருக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். கீழே நேர்ந்த உயிரிழப்புக்கு இவ்வாய்வில் இடமில்லை. எந்தப் பாலிசியிலும் ஈடுமில்லை.

4. பாலிசி உரைவிளக்கம்

சுரங்கம் 2001இல் மூடப்பட்டது; டம்ளர் கேள்வி மூடப்படவில்லை. 2021 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுப் பாலிசியில் கட்டடத்தை விட்டுவிட்டுச் சாமான்களுக்கு மட்டும் காப்பீடு எடுக்கலாம். குடித்தனக்காரருக்கு வேண்டியது அதுதான். தீ, பூகம்பம், புயல், வெள்ளம், தண்ணீர்த் தொட்டி உடைந்து வழிதல் எல்லாம் அடங்கும். ஆனால் தோண்டியதால் நிலம் அமிழ்ந்தால் செல்லாது. கொட்டி நிரப்பிய மண் இறங்கினாலும் செல்லாது. பாலிசியை எழுதியவர் தங்கவயலின் மாரிக்குப்பம் ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்து, சுரங்கக் கழிவான சயனைடு மேட்டைப் பார்த்தபடியே எழுதினாரோ என்று ஐயுற இடமுண்டு. தன்னைத் தள்ளியது பூகம்பமா, தோண்டலா என்பது டம்ளருக்குத் தெரியாது. இன்சூரன்ஸ் சர்வேயருக்குத் தெரியும்.

5. மறுப்பும் மறுமொழியும்

“வீட்டுக்காரர்தான் இன்சூரன்ஸ் போட்டிருக்காரே?” என்பது மறுப்பு. போட்டிருக்கிறார், தம் சுவருக்கு. மாடித் தொட்டி வழிந்து உங்கள் மெத்தையும் டிவியும் நனைந்தால், அவர் பாலிசி மெத்தையை எட்டிப் பார்க்காது. தங்கவயலிலிருந்து பெங்களூருக்குக் குடிபோனவர் வீட்டுக்காரரிடம் பத்து மாத அட்வான்ஸ் எண்ணிக் கொடுக்கிறார். போகும்போது பெயின்ட் செலவையும் பிடிக்கவிடுகிறார். பிறர் சுவருக்கு இத்தனை செய்பவர், தம் பீரோவுக்கு ஆண்டுக்கொரு பிரீமியம் என்றதும் மட்டும் மகா சிக்கனக்காரராகிறார்.

6. முடிவு

பொருள் தம்முடையது என்று காட்டப் பில்லையும் போட்டோவையும் பத்திரப்படுத்துவது இக்கால வழக்கம். நம் பாட்டிகள் முந்திக்கொண்டார்கள்: பாத்திரம் வாங்கிய கடையிலேயே பெயர் வெட்டினார்கள். நசுங்கிய டம்ளரைத் திருப்பிப் பாருங்கள். சுவரில் உங்கள் பெயர் இல்லை, அதில் இருக்கிறது. ஆய்வுச் சிக்கல் தீர்ந்தது.