முதற்படகு இலக்கணம்: வைகைக்கரை உரை

"மிதப்பது படகு, மிதவாதது ஷோகேஸ்."

இவ்வாய்வாளன் தானே செய்த நூற்பா இது. உரை எழுத வேறு ஆள் முன்வராததால் உரையும் அவனுடையதே. இது என் நுதலிற்றோ எனின், மாதிரிப் படகு கட்டப் புகும் புதியவன் முதன்முதலில் எதைக் கட்டலாம் என்பதை உணர்த்துதல் நுதலிற்று. ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் வாங்கி வந்து டி.வி.க்குப் பக்கத்தில் நிறுத்தும் சிப்பிக் கப்பல்கள் இந்நூலின் எல்லைக்குப் புறம்பானவை. அவற்றுக்குப் பாயுண்டு, கொடியுண்டு, 'அன்பளிப்பு' என்ற எழுத்துண்டு. தண்ணீரோடு மட்டும் சகவாசம் கிடையாது.

அற்றேல், கடலில்லாத மதுரைக்காரனுக்குப் படகு எதற்கு என்பாரும் உளர். அவர்க்கு விடை: கொடியில் புலியையும் வில்லையும் பிறர் எழுதிக்கொள்ள, மீனை எழுதிக்கொண்டவன் பாண்டியன். அவனுக்குத் துறைமுகம் கொற்கை. அது பழங்கதை எனின், பக்கத்துக் கதை ஒன்று உண்டு. 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர்தான், 1906-இல் வ.உ.சி. தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர். ஒரு கையில் ஏட்டுச்சுவடி, மறு கையில் கப்பல் பங்குப் பத்திரம். அந்தக் கம்பெனியின் தொடக்கமும் நம் ஆய்வுக்கு நேரே உதவுகிறது. முதலில் பம்பாய்க்காரரிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனியின் நெருக்கடியில் அது கைவிட்டுப் போயிற்று. காலியா, லாவோ என்று சொந்தமாக இரண்டு கப்பல்கள் வந்த பிறகுதான் நிமிர்ந்து நின்றார்கள். முதற்படகைப் பிறர் பாகங்களை அடைத்து அனுப்பும் பெட்டியை நம்பித் தொடங்காதே என்பதற்கு இதைவிடப் பெரிய மேற்கோள் தமிழ்நாட்டில் இல்லை.

பெட்டி என்றதும் புதியவன் கை எங்கே போகும் என்பது தெரிந்ததே. மூன்று பாய்மரம், நூறு பீரங்கி, சிலந்தி வலைபோல் கயிறுகள். ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி' கப்பல் மீது, மாதிரி கட்டுவோருக்கெல்லாம் தீராத ஆசை. அதில் 104 பீரங்கிகள். அரசாங்கப் பணமும் தச்சர் படையும் இருந்தும், 1759-இல் கட்டத் தொடங்கிய அசல் கப்பலை 1765-இல்தான் தண்ணீரில் இறக்க முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும், அதுவும் கரண்ட் இருந்தால், கட்ட உட்காரும் மாட்டுத்தாவணிக்காரர் எந்த ஆண்டில் முடிப்பார் என்ற கணக்கை வாசகர்க்கே விடுகிறோம்.

முடித்தாலும் நிற்குமா என்பது அடுத்த வினா. சுவீடன் அரசர் ஆசையாகக் கட்டிய 'வாசா' என்ற போர்க்கப்பல், 64 பீரங்கிகளோடு 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறையை விட்டுப் புறப்பட்டது. சுமார் 1,300 மீட்டர் போனது. ஒரு காற்று அடித்தது, சாய்ந்தது, கீழ்த்தட்டில் திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்து மூழ்கிவிட்டது. மேலே கனம், கீழே போதாத அகலம். இவ்வளவுதான் குற்றம். பெரியார் பேருந்து நிலையத்தில் ஏறினால் சிம்மக்கல் வருவதற்குள் கப்பல் முடிந்தது என்று மதுரைக் கணக்கில் கொள்க.

ஆய்வுக் களம்

படகைப் பற்றி எழுதியவர்கள் பலரும் தண்ணீர் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறார்கள். இது ஆய்வுப் பிழை. வைகை 258 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. ஆனால் மதுரைக்குள் ஆண்டின் பல நாள் அது நாணலும் மணலும் ஒரு பக்கமாக ஒதுங்கிய சாக்கடையும்தான். சித்திரையில் அழகர் இறங்குவதற்காக அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். ஆகவே ஆற்றில் படகு விட நினைப்பவன் அழகருடைய தேதியைத்தான் அனுசரிக்க வேண்டும். கண்மாய்களோ எனின், ஆகாயத்தாமரை மண்டிய கண்மாயில் படகை விட்டால் அது போய்ச் செருகிக்கொண்டு, எடுக்க ஆள் இறங்க வேண்டிவரும்.

எஞ்சுவது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் காலத்தது, 1645-ஐ ஒட்டியது, ஒரு பக்கம் ஏறக்குறைய ஆயிரம் அடி. நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளம் என்பார்கள். தோண்டும்போதுதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்பார்கள். இந்தக் குளமும் சில பத்தாண்டுகள் வறண்டே கிடந்தது. நடுவே ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடிய தலைமுறை இன்றும் அனுப்பானடியிலும் காமராசர் சாலையிலும் வீடு கட்டி வாழ்கிறது. பின்னால் பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்த பிறகுதான் குளம் குளமானது.

இதிலிருந்து பெறப்படும் முடிபு: மதுரைப் படகு தண்ணீரிலும் நிற்க வேண்டும், தண்ணீர் இல்லாதபோது தரையிலும் நிற்க வேண்டும். அடிப்பாகம் கூரான படகு தரையில் சாயும். இந்த நிபந்தனையை எந்த நாட்டு நூலும் சொல்லவில்லை என்பதே இவ்வுரையின் தேவையைக் காட்டும்.

வேட்பாளர்கள்

காகிதக் கப்பல் பற்றி அதிகம் பேச வேண்டாம். மதுரையில் 1942-இல் பிறந்த தினத்தந்தியின் ஒரு தாளில் நல்ல கத்திக் கப்பல் வரும். ஐப்பசி மழையில் தெருமுனை வரை போகும். அதற்குள் செய்தித்தாள் ஊறிக் கூழாகிவிடும். மெழுகுவத்தியைத் தேய்த்தால் இரண்டு வீடு கூடுதலாகப் போகும். அது மடிப்பதே அன்றிக் கட்டுவது ஆகாது என்க.

தகரப் படகு கொஞ்சம் உயர்ந்த சாதனம். திருவிழாக் கடைகளில் விற்ற அதே பொருள்தான்: உள்ளங்கை நீளத் தகரம், பின்பக்கம் இரண்டு சிறு குழாய், நடுவே மெல்லிய தகடு மூடிய சின்னக் கொதிகலன். குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றி, தேங்காயெண்ணெயில் நனைத்த திரியைக் கொளுத்தி உள்ளே தள்ளிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. வீட்டில் கேலி தொடங்கும். பிறகு டப டப டப என்று தகடு துடிக்க, படகு துணி ஊற வைக்கும் டப்பைச் சுற்றிவரும். கொதிகலனில் ஆவி பொங்கும்போது குழாய்த் தண்ணீரைப் பின்னால் உதைக்கிறது. ஆவி குளிர்ந்து சுருங்கும்போது தண்ணீர் திரும்ப உள்ளே போகிறது. உதைப்பது நேராகப் பின்னால், உறிஞ்சுவது நாலா பக்கமும். அதனால்தான் படகு முன்னே போகிறது. 1891-இல் தாமஸ் பியோ என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய வித்தை. அருமைதான். ஆனால் தகரத்தை வெட்டி ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவன் புதியவன் ஆகான். வாங்கினால் அது கட்டியதும் ஆகாது.

அடுத்தது தெர்மோகோல். புதியவர் பத்துப் பேரில் ஒன்பது பேர் இதில்தான் விழுவார்கள். விலை மலிவு, பிளேடுக்கு அடங்கும், மூழ்கவே மூழ்காது. இப்பொருளை வைத்து வைகையில் நிகழ்ந்த பெருஞ்சோதனையை நாடறியும். 2017 ஏப்ரலில், வெயிலில் ஆவியாகும் தண்ணீரைக் காப்பதற்காக, அப்போதைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் ராஜு வைகை அணையில் தெர்மோகோல் அட்டைகளை டேப்பால் ஒட்டி மிதக்கவிட்டார். காற்று அடித்தது. அட்டைகள் கரைக்குத் திரும்பி வந்துவிட்டன. மறுநாள் தொடங்கிய கேலிச் சித்திரங்கள் இன்றுவரை ஓயவில்லை.

நடுநிலை ஆய்வாளன் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கருதுகோளில் குற்றமில்லை. லாஸ் ஏஞ்சலீஸ் நகரம் 2015-இல் தன் நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கறுப்புப் பந்துகளைக் கொட்டி மூடியது. வெயிலை மறைப்பதே நோக்கம், ஆவியாவதும் குறைந்தது. அந்தப் பந்துகளுக்குள் தண்ணீர் அடைத்திருந்தார்கள், காற்றுக்குப் பறக்காமல் இருக்க. நம் அட்டையிலோ நூற்றுக்கு ஏறக்குறைய 98 பங்கு காற்று; அது தண்ணீருக்குள் அமுங்குவதே இல்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. தண்ணீரைப் பிடித்துக்கொள்ளாத எதையும் காற்று பிடித்துக்கொள்ளும். அரசாங்கத்துக்கே அடங்காத பொருள் ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கு அடங்குமா? அடியில் கூழாங்கல்லோ பழைய நட்டோ கட்டிக் கனம் சேர்க்கத் தெரியும்வரை தெர்மோகோலைத் தொடாதிருக்கக் கடவர்.

சித்தாந்தம்

விலக்க வேண்டியன விலக்கியபின் நிற்பது தெப்பம். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் எழுந்தருள, கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுக்க, காலையில் இரண்டு சுற்றும் இரவில் ஒன்றும் தெப்பக்குளத்தின் மைய மண்டபத்தைச் சுற்றிவரும் அந்தத் தெப்பத்தைப் படகு நூலார் படகாகவே மதிப்பதில்லை. துடுப்பில்லை, பாயில்லை, எஞ்சினில்லை, முன்பின் இல்லை என்று குறை சொல்வர். மேலே அத்தனை உயர மண்டபத்தைச் சுமந்தும் அது சாயவில்லை என்பதை அவர்கள் நோக்கவில்லை. வாசாவில் இல்லாத அகலம் தெப்பத்தில் உண்டு. சாயும் பக்கம் அதிகம் அமுங்கி, அமுங்கிய பக்கத்தைத் தண்ணீரே தூக்கி நிமிர்த்திவிடும். குளம் வறண்ட ஆண்டுகளில் அதையே தரையில் நிறுத்தி நிலைத்தெப்பம் என்று விழாவை நடத்தினார்கள். நம் நிபந்தனை இரண்டும் நிறைவேறின.

செய்முறை: கல்யாண மண்டப வாசலில் கட்டிய வாழை மரம் மறுநாள் குப்பைக்குப் போகும், அதற்கு முன் கேட்டு வாங்குக. அடிமரத்தில் ஒரு முழத் துண்டாக நான்கு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் மட்டைக்குள் சின்னச் சின்ன அறைகள் தெரியும். அந்த அறைகளில் இருக்கும் காற்றுதான் மிதக்க வைக்கிறது. துண்டுகளை நெருக்கி அடுக்கி, சீவிய மூங்கில் குச்சியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை குத்துக. முன்னே ஒன்று, பின்னே ஒன்று. ஆணி வேண்டாம், பசை வேண்டாம். ஈரமான மட்டையில் எந்தப் பசையும் ஒட்டாது என்பது தனி ஆய்வுக்குரியது. மேலே நான்கு ஈர்க்குச்சி நட்டுக் காகிதக் கூரை போட்டால் மண்டபம். உயரம் அகலத்தில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்க. முதல் மிதப்பில் ஒரு பக்கம் தாழும். பால்பாக்கெட்டில் மணல் கட்டி எதிர்ப்பக்கம் வைத்துச் சரிசெய்யும் அந்தக் கால்மணி நேரத்தில் புதியவன் கற்பதைப் பெட்டிக் கப்பல் பத்து மாதத்திலும் கற்றுத்தராது.

இழுக்க வாழைநாரே போதும். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் கட்டுங்கள். முன்பே கட்டினால் மட்டை அழுகி வீட்டில் பேச்சு வாங்க வேண்டிவரும். விடுவது உங்கள் வீட்டு டப்பிலோ மொட்டைமாடித் தொட்டியிலோ ஆகட்டும். தெப்பக்குளத்தில் இப்போதுதான் தண்ணீர் நிற்கிறது. அதில் குப்பை சேர்க்காதீர்கள்.