பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

பெரிய நிறுவனத் தலைவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு புரியவில்லை என்று யாரோ புரளி கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அபாண்டம். அது சம்பள உயர்வு கேட்காது, சங்கத்தில் சேராது, பிரசவ விடுப்பு எடுக்காது. புரியவேண்டியதெல்லாம் அவர்களுக்குப் புரிந்துதான் இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்டதற்கு அது ஒழுங்காகப் பதில் சொல்லுமா என்பதுதான் பாக்கி. அந்தச் சில்லறை விஷயத்தை ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி 2025 ஜூலையில் அப்படித்தான் பார்த்தது. போனில் பதில் சொல்ல வாய்ஸ் பாட் வந்துவிட்டது, வாரத்துக்கு 2,000 அழைப்புகள் குறைந்துவிட்டன, ஆகவே 45 பேர் வேண்டாம் என்றது. போனோ ஓயவில்லை. இருப்பவர்களுக்கு ஓவர்டைம், டீம் லீடர்களே அழைப்பை எடுக்கும் நிலை என்று ஊழியர் சங்கம் போட்டு உடைத்தது. விவகாரம் தொழில் தீர்ப்பாயம் வரை போனதும் ஆகஸ்டில் வங்கி மன்னிப்புக் கேட்டது. எல்லாவற்றையும் சரிவரக் கணக்கில் எடுக்கவில்லையாம். அதே ஆகஸ்டில் அறிவித்த 1,025 கோடி டாலர் ஆண்டு லாபத்தை மட்டும் காசு பிசகாமல் கணக்கில் எடுத்திருந்தார்கள்.

ஏர் கனடா விமான நிறுவனத்தின் கெட்டிக்காரத்தனம் இன்னும் ஒரு படி மேல். பாட்டி இறந்து ஊருக்கு ஓடும் பேரனிடம், டிக்கெட்டை எடுங்கள், துக்கச் சலுகையை 90 நாளுக்குள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றது அதன் சாட்பாட். நம்பிப் போனவருக்குப் பட்டை நாமம். வழக்கு வந்ததும் நிறுவனம் வாதாடியது: சாட்பாட் தனி ஆள், அதன் செயலுக்கு அதுவே பொறுப்பு! 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதைத் தள்ளிவிட்டு, சுமார் 812 டாலர் கொடு என்றது. சம்பளம் என்றால் அது ஆளில்லை. பழி என்றால் மட்டும் ஆள்.

ஆலோசகப் பெருமக்களும் சளைத்தவர்களா? வேலையில்லாதோரின் உதவித்தொகையைத் தானாகவே நிறுத்தும் அமைப்பைப் பற்றி ஆஸ்திரேலிய அரசுக்கு டெலாய்ட் ஏ.ஐ. துணையோடு அறிக்கை எழுதியது. கூலி சுமார் 4,40,000 டாலர். அறிக்கைக்குள் எங்குமே இல்லாத ஆய்வுகள், ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் இல்லாத மேற்கோள். பிடிபட்டதும் கடைசித் தவணையைத் திருப்பிக் கொடுத்தார்கள், கதை முடிந்தது. அந்த அமைப்பில் மாட்டிய ஏழை ஒரு நேர்காணலுக்குப் போகத் தவறினால் அவன் சோற்றுக்கே ஆபத்து.

போன் எடுக்கும் பெண் ஒரு பதிலைத் தப்பாகச் சொன்னால் மெமோ. 45 குடும்பங்களின் வயிற்றில் அடித்தால் அது 'பிழை'. கேட்டால் புதுமையில் இதெல்லாம் சகஜம் என்பார்கள். சகஜம்தான், உங்கள் போனஸில் கைவைக்காதவரை!

இனி ஏ.ஐ. புரட்சி என்று மேடையேறும் எந்தத் தலைவரும், கணக்கில் இருந்த பணம் காணோம் என்று அழும் ஒரு கிழவியிடம் முதலில் ஹெட்போன் மாட்டிப் பேசட்டும். அப்புறமும் அந்த 45 பேர் வேண்டாம் என்று தோன்றினால், தப்பானால் என் சம்பளத்தைத் தருகிறேன் என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடட்டும்.