மொட்டை மாடி எஸ்டேட் முதலாளி

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இவரைத் தேட வேண்டியதில்லை. இவரே உங்களைக் கண்டுபிடிப்பார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மற்றவர்கள் நடைப்பயிற்சி, ஷேர் மார்க்கெட், சம்பந்தி சண்டை என்று பொழுதை ஓட்ட, இவர் ஏற்காட்டுக்குப் போய் இரண்டு காபி நாற்று வாங்கி வந்து தொட்டியில் நட்டார். அன்றிலிருந்து மாடி, மாடியாக இல்லை. "எஸ்டேட் வரைக்கும் போயிட்டு வரேன்" என்றுதான் படியேறுவார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் உங்களுக்குக் காபி கிடைக்காது. காபியின் வரலாறு கிடைக்கும். 17-ஆம் நூற்றாண்டில் பாபா புதன் ஏமனிலிருந்து ஏழு கொட்டைகளை ஒளித்து எடுத்துவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது கர்ண பரம்பரைக் கதை. கூடவே கப்பலில் வந்தவர் மாதிரி அதைச் சொல்வார். அடுத்தது அராபிகாவா ரொபஸ்டாவா என்ற ஆராய்ச்சி. ரொபஸ்டா காய்க்க வேறு செடியின் மகரந்தம் வேண்டும்; அராபிகாவுக்குத் தன் மகரந்தமே போதும். "அதனாலதான் அராபிகா. யார் கையையும் எதிர்பார்க்காது" என்பார், மாமி மாடிவரை சுமந்துவந்த மோரைக் குடித்துக்கொண்டே.

அராபிகா 1,000 மீட்டருக்கு மேல் மலைக்காற்றில் வளர்ந்து பழகிய ஜாதி. காஞ்சிபுரமோ கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர்கூட இல்லை. அக்னி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும். இவர் அசரவில்லை. நிழல்வலை கட்டினார், தொட்டிக்கு ஈரச் சாக்கு சுற்றினார், கூடத்திலிருந்த ஏர்கூலரை மாடிக்கு ஏற்றினார். மாமியாருக்குப் பனையோலை விசிறி வாங்கிக் கொடுத்தார்.

காபிச் செடி காய்ப்புக்கு வர மூன்று, நான்கு வருஷம் ஆகும். மாமிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன்னா, அத்திவரதர் 1979-ல வந்தார், 2019-ல வந்தார், அடுத்தது 2059-னு ஊருக்கே தெரியும். உங்க காபி எந்த வருஷம்?"

ஒரு வழியாகப் பூத்தது. வெள்ளை வெளேரென்று, மல்லிகை வாசனையோடு. மாமி ஆசையாக ஒரு கொத்தைப் பறிக்கக் கை நீட்டினாள். "தொடாதே! அது அத்தனையும் காபி!" என்று அலறினார்.

பூ பழமாக எட்டு, ஒன்பது மாசம். அத்தனை நாளும் அவருக்கு ஆலோசகர் எதிர்வீட்டு நெசவாளர்தான். "இப்ப கிளிப்பச்சை சார்... மாம்பழக் கலர் வந்துடுச்சு... அரக்கு வரட்டும், அப்புறம் கை வைங்க" என்று மாடியைப் பார்த்து நிலவரம் சொல்வார். பழம் பறித்த அன்று ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: "சாயம் நிக்குமா சார்?"

ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை என்பது தோட்டக்காரர்கள் கணக்கு. இவர் கண்டது அரைக் கிலோ பழம். பிதுக்கி, ஊறவைத்துக் கழுவி, காயவைத்து, தோல் நீக்கியதில் நின்றது 80 கிராம் சொச்சம். வறுத்தால் அதிலும் ஆறில் ஒரு பங்கு போய்விடும். வங்கியில் கோடிக் கணக்கை ஒரே பார்வையில் சரிபார்த்தவர், இந்த 80 கிராமை மூன்று தடவை நிறுத்துப் பார்த்தார்.

பரணிலிருந்து பாட்டி காலத்து வறுக்கும் உருளை இறங்கியது. அப்போதெல்லாம் பல வீடுகளில் வாராவாரம் கொட்டையை வறுத்து, கை மிஷினில் அரைத்துக் காபி போட்டார்கள். அந்தப் பாட்டிகள் இதை ஒரு சாதனை என்று யாரிடமும் சொன்னதில்லை. பேரன் பத்து நாள் முன்பே தெரு முழுக்கத் தேதி சொல்லிவிட்டார்.

விடியற்காலை, கரி அடுப்பு. கைப்பிடியைச் சுற்றச் சுற்றக் கொட்டை மஞ்சளாகி, பழுப்பாகி, 200 டிகிரி வாக்கில் படபடவென்று வெடித்தது. மூடியைத் திறந்ததும் மெல்லிய செதில் செதிலாக உமி கிளம்பியது. கீழே தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு போட்டிருந்தார்கள்.

"சார்! பாவு மேல உமி விழுது! அந்தாண்ட போய் வறுங்க!"

மாடிச் சுவரிலிருந்து இவர் எட்டிப் பார்த்தார். "அதை விடு. வாசனை வருதா?"

இவர் காபிக்குக் கூப்பிட்டால் மறுக்காமல் போய் வாருங்கள். இத்தனை பாடுபட்டவருக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டும். வீட்டில் ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போவது நல்லது, அங்கே கிடைப்பது கால் டம்ளர்தான். குடித்ததும் 'பேஷ்' என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். வாய் தவறி "சிக்கரி எவ்வளவு சேர்த்தீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கடைப்பொடியில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது என்று அடுத்த பிரசங்கம் ஆரம்பமாகும். அது முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும்.