ஒத்தை ஷூ

காலை ஏழேகாலுக்கு எங்கள் ஒடுகத்தூரில் டேங்க் ஸ்டாப்பிங்கைப் பார்க்க வேண்டும். ஷூ கம்பெனி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று, கையில் டிபன் பாக்ஸும் தலையில் பூவுமாக நிற்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூர்ப் பக்கம் கிளம்பிவிடும். இவர்கள் தைக்கிற ஷூ ஜெர்மனிக்குப் போகிறது, இத்தாலிக்குப் போகிறது, இங்கிலாந்துக்குப் போகிறது. கடல் தாண்டிப் போகிற ஷூவுக்கு எங்கள் வீட்டுக் கட்டிலடியிலிருந்து வாசல்வரை வரத்தான் முடிவதில்லை.

என் மனைவிக்கு அப்படியொரு கம்பெனியில் பேக்கிங்கில் வேலை. இடதும் வலதும் ஒரே ஜோடியா, நம்பர் ஒன்றா, தோலின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து டப்பாவில் போடுவது. ஒன்று கொஞ்சம் பிசகினாலும் ‘ரிஜெக்ட்’ என்று ஒதுக்கிவிடுவாள். என்னையும் அதே கண்ணால்தான் பார்க்கிறாள் என்று எனக்குப் பல நாள் சந்தேகம். அவள் ஏழேகால் வண்டியில் ஏறிவிட்டால், மூன்றாவது படிக்கிற மகளை ஏழே முக்கால் மஞ்சள் பஸ்ஸில் ஏற்றிவிடுவது என் பொறுப்பு. நடுவில் இருப்பது அரை மணி. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிறவர்கள்கூட ஏதாவது கோளாறு என்றால் கவுண்ட்டவுனை நிறுத்திவைப்பார்கள். ரூட் நம்பர் நாலுக்கு அந்த வழக்கமில்லை.

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை. டைப்பிங், லேமினேஷன், ஆதார் பிரிண்ட், கல்யாணப் பத்திரிகைக்கு மாடல் எல்லாம் உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எனக்கு வருகிற முதல் பெரிய ஆர்டர், ‘பஸ்ஸில் வரும் மாணவர்கள் மற்றும் பெற்றோர் கவனத்திற்கு’ என்ற நோட்டீஸ். மொத்தம் 14 விதி. நானேதான் டைப் அடிக்கிறேன், நானேதான் 400 காப்பி எடுக்கிறேன். ஐந்து நிமிடம் முன்னதாகவே ஸ்டாப்பிங்கில் நிற்கவும். ஜன்னலுக்கு வெளியே கை, தலை நீட்டக்கூடாது. ஓடும் பஸ்ஸில் எழுந்து நிற்கக்கூடாது. குறிப்பிட்ட ஸ்டாப்பிங் தவிர வேறெங்கும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக்கூடாது. திருக்குறள் பத்துக்கு மேல் வராத எனக்கு இந்தப் பதினாலும் தலைகீழ்ப் பாடம்.

போன வருடம் அதில் ஒரு கோளாறு நடந்தது. ஆறாவது விதி, ‘பஸ் நின்ற பிறகே இறங்கவும்.’ கீபோர்டில் விரல் நழுவி ‘ங்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘க்’ விழுந்துவிட்டது. ‘பஸ் நின்ற பிறகே இறக்கவும்.’ சரக்கு லாரிக்குப் போடுகிற போர்டு மாதிரியாவது இருந்து தொலைந்திருக்கும், ஆனால் தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறதே. 250 காப்பி ஓடிய பிறகு, சாப்பாடு கொண்டுவந்த மனைவி மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இன்னாங்க இது, பசங்கள சாவச் சொல்லியிருக்கீங்க?” என்றாள். அன்றைக்கு அவளுக்கு லீவு. இல்லாவிட்டால் எனக்கு இந்த ஊரில் கடை இருந்திருக்காது.

விதி தெரிந்தவன் விதிப்படி நடப்பான் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஸ்டாப்பிங்கில் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். பிள்ளைகள் பன்னிரண்டு பேர். அவர்கள்பாட்டுக்கு வரிசையாக நிற்பார்கள், சண்டை போட்டாலும் வரிசைக்குள்ளேயே போடுவார்கள். கூட வருகிற பெற்றோர் பதினைந்து, பதினாறு பேர் (இரண்டு வீட்டில் தாத்தாவும் வருவார்). பஸ் நிற்பதற்கு முன்பே படியில் பையை வைப்பவர் ஒருவர். ஜன்னல் பக்கம் ஓடிப்போய் ஒரு வாய் தோசையை ஊட்டுபவர் ஒருவர். “ஒரு நிமிஷம்ணா, பல்லு வெளக்கினுகீறான்” என்று டிரைவருக்கு முன்னால் கையை விரித்து நிற்பவர் ஒருவர். பைக்கைக் குறுக்கே போட்டு பஸ்ஸை மறிப்பவர் ஒருவர். கடைசியில் சொன்னது நான்.

படி உயரமாக இருக்கக்கூடாது, சின்னக் கால் எட்டும்படி தாழ்வாக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டு, கம்பெனிக்காரனும் அப்படியே கட்டிக்கொடுத்திருக்கிறான். ஆனால் எந்தத் தகப்பனும் பிள்ளையைப் படியில் ஏறவிட்டு நான் பார்த்ததில்லை. ஒரு கையைப் பிடித்துச் சிமெண்டு மூட்டை மாதிரித் தூக்கி உள்ளே விடுவார்கள். உள்ளே இருந்து ஆயாம்மா பிடித்துக்கொள்வார். இதற்குப் பெயர் எங்கள் ஊரில் ‘ஏத்திவுடறது’.

பஸ்ஸுக்கு மஞ்சள் ஏன் என்று மகள் ஒருநாள் கேட்டாள். மஞ்சள் மங்கலம் என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, கடைக்குப் போய்த் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஃபிராங்க் சைர் என்று ஒரு பேராசிரியர். அந்தக் காலத்தில் அங்கே பிள்ளைகள் கிடைத்த வண்டியில் எல்லாம் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள், சில ஊர்களில் கோதுமை ஏற்றுகிற குதிரை வண்டியில்கூட. சைர் 1939-இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஒரு மாநாடு கூட்டி, பள்ளி பஸ் எப்படி இருக்க வேண்டும் என்று 44 அளவுகோல் வகுத்தார். அதிகாலை மங்கலில் மஞ்சளின் மேல் கறுப்பு எழுத்துதான் பளிச்சென்று தெரியும் என்று அந்த நிறம். பிள்ளையை இறக்க பஸ் நின்றால் அங்கே பஸ்ஸின் பக்கவாட்டிலிருந்து சிவப்பாக ஒரு ‘நில்’ பலகை கை மாதிரி நீளும். எதிரே வருகிற வண்டியும் நின்றாக வேண்டும். எங்கள் பஸ்ஸுக்குக் கை கிடையாது. ஆயாம்மாவுக்குத்தான் உண்டு. இரண்டு பிளாஸ்டிக் வளையல் போட்ட அந்தக் கையை அவர் நீட்டினால், ஜல்லி ஏற்றி வருகிற டிப்பர் லாரி நிற்கும். சில நாள் நிற்காது. அப்படிப் போன லாரியின் ஏழு தலைமுறைக்கும் ஆயாம்மா சொல்லி அனுப்பும் சேதியை நோட்டீசில் அச்சடிக்க முடியாது.

நான் சிரித்துக்கொண்டே சொன்னாலும், அந்தப் பதினாலு விதியில் ஒன்றும் சும்மா வந்ததில்லை. 2012 ஜூலையில் தாம்பரத்தில் ஓடுகிற பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சின்னப் பெண் விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். இரண்டாம் வகுப்பு. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த வருடமே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. உதவியாளர், அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் எல்லாம் அதில் இருக்கின்றன. மே மாதம் வேலூர் மைதானத்தில் மஞ்சள் பஸ்ஸாக வரிசை கட்டி நிற்க, பிரேக் இன்ஸ்பெக்டர்கள் குனிந்து தரைப்பலகையைத் தட்டித் தட்டிப் பார்ப்பதை டி.வி.யில் காட்டுவார்கள். எதற்கு இப்படித் தட்டுகிறார்கள் என்று கேலி பேசியவன்தான் நானும். பிறகு 2022 மார்ச்சில் வளசரவாக்கத்தில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி ஏழு வயதுப் பையன் ஒருவன் போனான். அந்த வருடம்தான் முன்னும் பின்னும் கேமரா, பின்னால் சென்சார் கட்டாயம் என்று விதியில் சேர்த்தார்கள்.

கேமரா எதற்கு, கண்ணாடி போதாதா என்று டிரைவரிடமே ஒருநாள் கேட்டேன். லேமினேஷன் போட்ட நோட்டீசைப் பஸ் கண்ணாடியில் ஒட்ட மகளோடு போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, பஸ் சும்மா நின்றது. “நீங்களே ஏறி உக்காந்து பாருங்க சார்” என்றார். ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங் நம் வீட்டு முறம் அளவுக்கு இருக்கிறது. மகளை பஸ்ஸுக்கு முன்னால் போய் நிற்கச் சொன்னார். பத்தடி தள்ளி நின்றபோது முகம் தெரிந்தது, எனக்கு நாக்கைத் துருத்திக் காட்டினாள். “இன்னும் கிட்ட வா பாப்பா” என்றார். வந்தாள். முகம் போய்விட்டது, சிவப்பு ரிப்பன் மட்டும் இருந்தது. இன்னும் ஓரடி வரச் சொன்னார். ரிப்பனும் இல்லை. முன்னால் வெறும் ரோடு. காலி ரோடு. அவள் அங்கேதான் நின்று ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

நான் இறங்கி வந்து ஒன்றும் பேசவில்லை. டிரைவர்தான் சொன்னார்: “பசங்க சொன்னா கேட்டுக்குதுங்க சார். முன்னாடி கேமராவுல தெனம் தெரியறது முக்காவாசி அப்பனுங்கதான்.”

இவ்வளவும் தெரிந்தவன் அடுத்த வெள்ளிக்கிழமை என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன்.

அன்றைக்கு இடது கால் ஷூவைக் காணோம். வலது இருக்கிறது. கட்டிலடி, பீரோவடி, துணி மூட்டை எல்லாம் பார்த்தாயிற்று. மஞ்சள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். (பிள்ளை அரைப் பாரம், பை அரைப் பாரம். சில மாநிலங்களில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இருக்கைக் கணக்கில் ஒன்றரை மடங்குவரை ஏற்றலாம் என்று விதி, அதாவது மூன்று பிள்ளைக்கு இரண்டு சீட்டு. அந்தக் கணக்குப் போட்டவர் மூன்றாம் வகுப்புப் பையைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்.) ஆயாம்மா அவளை வாங்கி உட்காரவைத்துவிட்டு, காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கேஸ் சிலிண்டரை நகர்த்தினேன். பின்னால் இடது ஷூ கிடைத்தது. ஒன்றுக்கு இரண்டாகக் கிடைத்தது. ஒன்று போன வருடத்தது போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மனைவி எல்லாவற்றுக்கும் பாலிஷ் போட்டு வைத்திருந்ததால் இரண்டும் ஒரே மாதிரி பளபளவென்று இருந்தன. நான் அவசரப்படவில்லை. பேக்கிங் செக்ஷன்காரியின் புருஷன் என்கிற முறையில் அடியைத் திருப்பி நம்பரைப் பார்த்தேன். ஒன்றில் 13, இன்னொன்றில் 1. வளர்கிற பிள்ளை. பதின்மூன்றை எடுத்துக்கொண்டு பைக்கை உதைத்தேன்.

ஊர்க் கோடியில் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். முந்திப் போய் பைக்கைக் குறுக்கே போட்டு, ஷூவைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். பஸ் நின்றது. கதவு திறக்கவில்லை. ஆயாம்மா உள்ளே இருந்தபடியே கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீசை விரலால் தட்டினார். ஒன்பதாவது விதி. குறிப்பிட்ட ஸ்டாப்பிங் தவிர வேறெங்கும். என்னுடைய எழுத்துரு, என்னுடைய லேமினேஷன், மூலையில் என் கடையின் போன் நம்பர் வேறு. பஸ்ஸுக்குள் நாற்பது பிள்ளைகள் ஜன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். ஒரு கைகூட வெளியே நீளவில்லை. இரண்டாவது விதி. டிரைவர், வழிவிடுங்கள் என்று கையைக் காட்டினார். பைக்கை எடுத்தேன்.

பிறகு என்ன, பஸ்ஸின் பின்னாலேயே போக வேண்டியதுதான். வேகக்கட்டுப்பாட்டுக் கருவி வைத்த பஸ் அது. ஒரு கையில் ஷூவைப் பிடித்தபடி ஓட்ட முடியவில்லை, லேஸைப் பிடித்து ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் ஆட்டுச் சந்தை. மலையடிவாரத்து ஊர்களிலிருந்து விடியற்காலையிலேயே ஆட்டை ஓட்டி வந்துவிடுவார்கள். ரோடு பூராவும் ஆடு, ஆட்டுக்காரன், மினி வேன், டீக்கடைக் கூட்டம். நடுவில் மஞ்சள் பஸ் நகர்கிறது, நிற்கிறது, நகர்கிறது. அதன் பின்னால் நான் நகர்கிறேன், நிற்கிறேன், நகர்கிறேன். பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஆறு பிள்ளைகளின் முகம். பின்பக்கத்துக் கேமராவில் நான் முழுசாகத் தெரிந்திருப்பேன்.

துண்டைத் தோளில் போட்ட தரகர் ஒருவர் ஆட்டின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து என் ஹேண்டில்பாரைப் பார்த்தார்.

“இன்னாப்பா, ஒத்த ஷூ இன்னா வெல?”

பக்கத்தில் இருந்தவர், “ஆடாவது நாலு காலு, இது ஒரு காலுதான்” என்றார். ஆடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். ஒன்று பார்த்தது. ஷூ லேஸை இழுத்துத் தின்னவும் பார்த்தது.

பள்ளிக்கூட வாசலில் பஸ் நின்று, கதவு திறந்து, ஒவ்வொருவராக இறங்கினார்கள். தள்ளுமுள்ளு இல்லை. மகள் கடைசியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியாட்டம் ஆடியபடி வந்தாள். ஷூவைக் கொடுத்தேன். காலை நுழைத்தாள். பாதி போனது, மீதி போகவில்லை.

“அப்பா, இது ரெண்டாவதுல போட்ட ஷூப்பா.”

சாயங்காலம் மனைவி அந்த ஷூவைத் திருப்பி அடியைப் பார்த்தாள். “பசங்க சைஸு பதிமூணோட முடிஞ்சிடுங்க. அதுக்கப்புறம் திரும்ப ஒண்ணுல இருந்துதான்” என்றாள். ஊரே ஷூ தைக்கிற இடத்தில் பிறந்து, நாற்பத்திரண்டு வயதில் எனக்கு இது தெரிந்தது. ஷூவை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தார். நோட்டீசைத் திருத்தி மறுபடி அச்சடிக்க வேண்டுமாம். பதினாலோடு ஒரு விதி கூடியிருந்தது: ‘15. மறந்துவிட்ட பொருள்களைக் கொடுப்பதற்காகப் பெற்றோர் பஸ்ஸை வழிமறிப்பதோ, பின்தொடர்வதோ கூடாது.’ யாரைச் சொல்கிறார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டைப் அடித்து, ஆறாவது விதியில் ‘ங்’ சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து, 400 காப்பி எடுத்துக் கொடுத்து, காசை எண்ணி வாங்கிக்கொண்டேன்.