தோட்டத்துக்குள்ளதானே!

ஜாசினிலிருந்து மெர்லிமாவ் போகும் வழியானாலும் சரி, தெபோங் பக்கமானாலும் சரி, மலாக்காவில் எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். பெயர் எதுவாகவும் இருக்கும். பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் மாமாதான். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். லயத்துப் பையன்களில் மூன்று தலைமுறைக்கு மோட்டார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அதற்காக யாரிடமும் ஒரு சென் வாங்கியதில்லை. ஜேபிஜேவிடமிருந்து ஒரு லெசெனும் வாங்கியதில்லை.

மாமாவின் பள்ளியில் சேர வயது வரம்பு கிடையாது. ஏறி உட்கார்ந்தால் கால் தரையைத் தொட வேண்டும், அவ்வளவுதான். தொடாத பையனுக்கும் வழி உண்டு. வாசற்படி ஓரமாக வண்டியை நிறுத்தி, படியிலிருந்து ஏறிக்கொள்ளலாம். இறங்குவது எப்படி? "ஏறுனவனுக்கு எறங்கத் தெரியாதா?" என்பார். வண்டி பெரும்பாலும் ஒரு பழைய ஹோண்டா சி70. கொஞ்சம் வசதி வந்துவிட்டால் இஎக்ஸ்5. இரண்டிலும் கையால் அழுத்தும் கிளட்ச் கிடையாது, காலால் கியரை மிதித்தால் போதும். பிற்பகலில் பெரட்டுக் களத்தில் நாலு சுற்றுச் சுற்றுகிற பத்து வயதுப் பையன், சாயங்காலம் தவ்கே கடையில் ரொட்டி வாங்கி வந்துவிடுவான். அன்றே பட்டமளிப்பும் முடிந்துவிடும்.

பாடத்திட்டத்தைக் குறைவாக மதிப்பிடக் கூடாது. சங்கிலி தளர்ந்தால் எப்படி இறுக்குவது, பிளக்கை எதால் துடைப்பது, பதினாலு கிலோ காஸ் தோங்கைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு மேட்டில் எப்படி ஏறுவது, மழை நாளில் செம்மண் ரோட்டில் லாரித் தடத்தின் எந்தப் பக்கத்தைப் பிடிப்பது, குலை ஏற்றிய லாரி சிந்திவிட்டுப் போன செம்பனைப் பழத்தின்மேல் சக்கரம் ஏறினால் என்ன ஆகும் (இதற்கு மட்டும் முழங்கால் தழும்பைக் காட்டிச் செய்முறை விளக்கம்), எல்லாம் உண்டு. விட்டுப்போனது ஒன்றே ஒன்று. ரோட்டில் வேறு ஆட்களும் வருவார்கள் என்பது.

அதற்காக மாமாவைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. அவர் கற்ற காலத்தில் யாரும் வரவில்லை. விடியற்காலையில் பால்மரக் காட்டுக்குப் போய், வாளியோடு திரும்புகிற வழியில் எதிரே வந்தால் தோட்டத்து மாடு வரும், இல்லையென்றால் மானேஜர் கார் வரும். இரண்டுக்கும் ஒதுங்கி நிற்பதுதான் முறை. பிறகு ரப்பர் சாய்ந்து செம்பனை ஆயிற்று, செம்பனை சாய்ந்து சில இடங்களில் தாமான் ஆயிற்று. அலோர்காஜாவையும் மலாக்காவையும் ஜாசினையும் இணைக்கிற ஏஎம்ஜே நெடுஞ்சாலையில் இப்போது பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சிங்கப்பூர் காரும் கோலாலம்பூர் காரும் மூச்சுவிடாமல் போகின்றன. மாமாகூட லயத்தைக் காலி செய்துவிட்டுத் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் மனசிலிருக்கிற ரோடு மட்டும் இன்னும் தோட்டத்திலேயே இருக்கிறது.

"மாமா, சின்னவனுக்குப் பதிமூணு வயசுதானே ஆவுது?"

"தோட்டத்துக்குள்ளதானே ஓட்டுறான்."

"நேத்து ஜாசின் டவுன்ல பார்த்தேனே?"

"அது பக்கம்தானே."

"பின்னால ரெண்டு பேரு. மூணு பேருக்கும் ஹெல்மெட் இல்ல."

"போலீசும் இல்லையே."

மாமாவின் நில அளவைப்படி தோட்டத்தின் எல்லை அன்றன்றைக்கு மாறும். பள்ளி நாளில் ஜாசின்வரை. பசார் மாலாம் போடுகிற அன்று மெர்லிமாவ்வரை. மாசி மகம் வந்தால் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில்வரை நீளும். இங்கிலீஷ்காரன் காலத்தில்கூட எந்தக் கம்பெனிக்கும் இவ்வளவு பெரிய தோட்டம் இருந்திருக்காது.

ஹெல்மெட் விஷயத்துக்கு வருவோம். இந்த நாட்டில் மோட்டார் ஓட்டிகளுக்கு அது கட்டாயமானது 1973இல். மாமாவின் ஹெல்மெட்டைப் பார்த்தால் அதே வருஷத்தில் வாங்கியது மாதிரிதான் இருக்கும். வண்டியின் முன் கூடையிலேயே அதற்கு நிரந்தர வாசம். முட்டை உடையாமல் வீடு வந்து சேர அதைவிட நல்ல பாத்திரம் இல்லை. "ரோட்பிளாக் போட்டிருக்கான்" என்று வாட்சப்பில் செய்தி வந்தால் மட்டும் முட்டை கூடைக்கும் ஹெல்மெட் தலைக்கும் போகும். வாரை மாட்டுவதில்லை. சம்மனைத் தடுக்க அது தேவையில்லையே.

சட்டத்தை எடுத்துச் சொன்னால் மாமா பொறுமையாகக் கேட்பார், அந்தக் குணம் அவரிடம் உண்டு. மோட்டார் லெசெனுக்குப் பதினாறு வயது, காருக்குப் பதினேழு. லெசென் இல்லாமல் ஓட்டினால் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26ஆவது பிரிவின் கீழ் 300 வெள்ளியிலிருந்து 2,000 வெள்ளிவரை அபராதம், அல்லது மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். வண்டியைக் கொடுத்தனுப்பியவரையும் அதே பிரிவு விடாது. பொதுமக்கள் போய்வருகிற வழி எதுவானாலும் அந்தச் சட்டத்துக்கு அது சாலைதான். தோட்டத்துப் பெயர்ப்பலகையைப் பார்த்து அது ஒதுங்கிப் போவதில்லை. விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பதும் லெசெனைத்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமா ஒரு கேள்வி கேட்பார்:

"பதினாறு வயசு வரைக்கும் பையன் எதுல பள்ளிக்கூடம் போவான்?"

இதற்கு மட்டும் நமக்குச் சட்டென்று பதில் வராது. தமிழ்ப்பள்ளிவரை நடந்து போனவன் இடைநிலைப் பள்ளிக்கு டவுனுக்குப் போக வேண்டும். பல தோட்டங்களுக்குள் பஸ் எட்டிப்பார்ப்பதில்லை. அப்பாவுக்குக் காலை வேலை, பள்ளி வேனுக்கு மாதக் கட்டணம். வீட்டில் சும்மா நிற்பது ஒரு மோட்டார்தான். மாமாவின் பள்ளி இத்தனை வருஷம் நடப்பதற்கு மாமா மட்டும் காரணமில்லை.

2019இல் மலேசியச் சாலைகளில் இறந்தவர்கள் 6,167 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவர்கள் மோட்டாரில் போனவர்கள். இதைச் சொன்னபோது ஒரு மாமா வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தன்னிடம் கற்ற இரண்டு பையன்களின் பெயரைச் சொன்னார். பிறகு எழுந்துபோய் வண்டியின் பிரேக்கை இறுக்கினார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது.

பழுது பிரேக்கில் இல்லை என்று அவருக்குக் காட்டியவன் சொந்த மருமகன். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து அமைச்சு இலவசமாக நடத்துகிற மைலெசென் பி2 திட்டத்தில் பையன் சேர்ந்தான். மாமாவுக்குச் சிரிப்பு. "ஆறு வருசமா ஓட்டுறவனுக்கு என்னாடா வகுப்பு?" என்றவர், தேர்வன்று தானும் கூடப் போனார். ஒற்றைப் பலகைமேல் ஓட்டிக் காட்ட வேண்டும், அதைத் தித்தி என்பார்கள். பையன் கண்ணை மூடிக்கொண்டு போகாத குறைதான். மாமா வேலிக்கு வெளியே நின்று கைதட்டினார். அடுத்த சந்தியில் பையனைத் தோற்கடித்துவிட்டார்கள். வலப்பக்கம் திரும்பியவன், தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கவில்லை.

"பின்னாலதான் யாரும் வரலையே!" என்று மாமா அதிகாரியிடம் வழக்குப் பேசினார்.

"வரவில்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று மலாயில் திருப்பிக் கேட்டார் அதிகாரி. மூன்று தலைமுறைக்குப் பாடம் எடுத்தவருக்கு அன்றைக்குப் பதில் இல்லாமல் போயிற்று.

இரண்டாம் முறை பையன் தேறினான். இரண்டு வருஷத்துக்குப் பி லெசென். தேறிய சூட்டோடு, வாரை மாட்டாத யாரையும் பின்னால் ஏற்றுவதில்லை என்று சொல்லிவிட்டான், அந்த யாரும் மாமாவாகவே இருந்தாலும். மாமா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அந்த வாரத்துக்குள் ஊர் சும்மா இருக்குமா? கோப்பிக்கடையில் யாரோ, "மாமாவுக்கு அந்தப் பரீட்ச ஆவாது" என்று சொல்லிவைத்தார்கள். மறுநாளே மாமா பணம் கட்டிக் கேபிபி வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டார். கணினித் தேர்வில் ஐம்பது கேள்வி, நாற்பத்திரண்டு சரியாக வர வேண்டும்.

இப்போது சாயங்காலமானால் கோப்பிக்கடையில் மருமகன் கேள்விப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்கிறான். சுற்றி ஒரு கூட்டம்.

"முன்னால போற வண்டிக்கும் நம்ம வண்டிக்கும் எவ்வளவு எடவெளி இருக்கணும், மாமா?"

"முன்னால போறது யாரு?"

"யாரா இருந்தா என்னா?"

"தெரிஞ்சவன்னா பேசிக்கிட்டே ஒட்டிப் போவலாம். தெரியாதவன்னா முந்திப் போயிடணும்."

"ரெண்டு விநாடி, மாமா. அவங்க தாண்டுன எடத்த நாம ரெண்டு விநாடி கழிச்சுத்தான் தாண்டணும். புத்தகத்துல போட்டிருக்கு."

மாமா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

"அவ்வளவு தள்ளிப் போனா, நான் பேசுறது அவனுக்கு எப்படிடா கேக்கும்?"