தீவாதிபதி

அமெரிக்காவில் சமையலறையைப் புதுப்பிக்கிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. நட்டநடுவில், நாலு பக்கமும் சுற்றி வர இடம் விட்டு, ஐலேண்ட் என்கிற மேடையைக் கட்டிக்கொள்பவர். தீவாதிபதி என்றே இவரை அழைக்கலாம். எட்டடிக்கு நாலடி வெள்ளை குவார்ட்ஸ், ஒரே பலகை, ஒட்டு கிடையாது. விருந்தாளிக்குக் காபி பிறகுதான்; முதலில் கல்லைத் தடவிப் பார்த்தாக வேண்டும். அதில் துளை போட்டு பிளக் பாயின்ட் வைக்கலாமா என்று எலக்ட்ரீஷியன் கேட்டால், கருவறைக்குள் செருப்போடு நுழைந்தவரைப் பார்ப்பது போல் பார்ப்பார். பிளெண்டர் ஓட வேண்டும், லேப்டாப்புக்குச் சார்ஜ் ஏற வேண்டும்; பிளக் பாயின்ட் மட்டும் கண்ணில் படக் கூடாது. ரசனை அவரவர் விருப்பம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தக் கூச்சத்துக்கு விலை கொடுப்பவர் இவரல்ல. மேடை உயரம்கூட இல்லாத வேறொருவர்.

அந்நாட்டின் தேசிய மின்விதித் தொகுப்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. சுவரோரத்து மேடைக்கு விதி எளிது: எந்த இடத்தில் நின்றாலும் 24 அங்குலத்துக்குள் ஒரு பிளக் பாயின்ட். தீவுக்குச் சுவர் ஏது? அதனால் மேடைக்குக் கீழே, பக்கவாட்டில், 12 அங்குலத்துக்குள் வைத்துக்கொள்ள முன்பு அனுமதி இருந்தது. தீவாதிபதிக்கு அது போதும். கல்லின் நிழலில், அலமாரியின் நிறத்திலேயே மூடி போட்டு மறைத்துவிட்டார். 2020 பதிப்பு பரப்பளவுக் கணக்கோடு வந்தது: முதல் 9 சதுர அடிக்கு ஒன்று, அதற்கு மேல் ஒவ்வொரு 18-க்கும் அல்லது அதன் பகுதிக்கும் இன்னொன்று. 32 சதுர அடி மேடைக்கு மூன்று! அந்த வருஷம் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கீழே இருக்கும் பிளக்கில் செருகினால், மின்சார எண்ணெய்ச் சட்டியின் வயர் விளிம்பைத் தாண்டித் தொங்கும். தவழ்ந்து எழுந்து எதையாவது பிடித்து நிற்கப் பழகும் குழந்தையின் கைக்கு எட்டுவது அதுதான். 1991 முதல் 2020 வரை, இப்படித் தொங்கிய வயரை இழுத்தோ அதில் மோதியோ காயப்பட்டு அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் சுமார் 9,700 பேர் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீடு சொல்கிறது, பலர் குழந்தைகள். 2023 பதிப்பு மேடைக்குக் கீழே வைப்பதையே தடுத்துவிட்டது. வைத்தால் மேற்பரப்பில், அல்லது அதற்கு மேல் 20 அங்குலத்துக்குள். வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் போயிற்று. பின்னால் ஒருவர் வைத்துக்கொள்ள வசதி மட்டும் செய்து வைக்க வேண்டும்.

தீவாதிபதி படித்தது ‘கட்டாயமில்லை’ என்ற வரி வரைக்கும்தான். நன்றியறிதல் நாள் விருந்தில் பாருங்கள்: எதிர்ச்சுவரிலிருந்து நடைவழியைக் குறுக்கே கடந்து, முழங்கால் உயரத்தில் ஓர் எக்ஸ்டென்ஷன் வயர். ஓரடி தொங்கியதை ஆறடி ஆக்கிவிட்டு, விதிப்படி நடந்தேன் என்பார்.

“நான் மேடையில் சமைப்பதே இல்லை” என்பார் சிலர். சமைக்காத மேடையில் வயர் எதற்கு? “என் வீடு, என் கல்” என்பது அடுத்தது. வீடு விற்கப்படும், வாங்குகிறவர் வீட்டில் குழந்தை இருக்கலாம். பின்னால் வைத்துக்கொள்ள வசதி வேண்டும் என்று விதி கேட்பதே அதற்காகத்தான். கட்டாயத்தை எடுத்ததுதான் எக்ஸ்டென்ஷன் வயருக்கு வழி விட்டது என்று எலக்ட்ரீஷியன்கள் குறைப்படுவதில் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால் ஒன்றாவது கட்டாயம் என்றே வைத்திருக்கலாம். ஆனால் விதி சொல்வது குறைந்தபட்சம். அதற்கு மேல் செய்யாதே என்று யாரும் தடுக்கவில்லை. தண்ணீர் சிந்தினால் என்ன ஆகும் என்ற பயமும் வேண்டாம். மேடையில் பதிப்பதற்கென்றே சோதித்துச் சான்று பெற்ற, அழுத்தினால் உள்ளே போகும் பிளக் பாயின்ட்கள் கிடைக்கின்றன. மூடினால் வெளியே தெரிவது ஒரு வட்ட மூடிதான்.

எனவே தீவாதிபதிகளே, எந்தப் பதிப்பு உங்கள் ஊரில் நடப்பில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் மாறும். துளையைக் கல் பட்டறையிலேயே சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். பதித்த பிறகு போட்டால் செலவும் கூடுதல், விரிசல் பயமும் கூடுதல்.