கோனன் கட்சியும் முனியாண்டி கட்சியும்

தம்பிகளா, சண்டை போடுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஜாசின் ஒட்டுக்கடையில தே தாரேக்கை ஆறப் போட்டுட்டு, இடுப்புல தோலைச் சுத்தின கோனன்ங்கிற படக்கதைக் காட்டுப்பயலை எந்த ஓவியன் ஒழுங்கா வரைஞ்சான்னு மூணு ஆம்பளைங்க மேசையைத் தட்டிப் பேசறது சின்ன விஷயமா? நாங்க சம்பள உயர்வு கேட்டப்பகூட இவ்வளவு சத்தம் போடலை. போட்டிருந்தா கிடைச்சிருக்கும்.

யாரு யாரு எந்தக் கட்சின்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. கண்ணாடிக்காரத் தம்பி பேரி ஸ்மித் கட்சி. மெர்லிமாவிலிருந்து மோட்டார் ஓட்டிட்டு வர்ற தம்பி ஜான் புசெமா கட்சி. என் பேரன், தேக்கு யாரு காசு கொடுக்கிறாங்களோ அவங்க கட்சி, அவன் பொழைச்சுக்குவான். 'பால்மரம் வெட்டின ஆளு, தாத்தாவுக்கு என்ன தெரியும்'னு நீங்க கண்ணடிச்சுக்கிட்டதையும் பார்த்தேன். பேரன் தூங்கினப்புறம் அவன் அலமாரியைத் திறக்கிறது யாருன்னு நினைச்சீங்க? எனக்கு இங்கிலீஷுதான் தடுமாறும், வெட்டுக்குத்து தடுமாறாது. விளங்காததை அவன்கிட்டயே கேட்டு வாங்கிக்கிட்டேன். கிழவன் தூக்கம் வராம அனத்துறான்னு நினைச்சு அவனும் எல்லாத்தையும் சொல்லிட்டான்.

முதல்ல அந்தக் கோனனைப் பெத்தவனைப் பார்ப்போம். ராபர்ட் ஹோவர்டுன்னு ஒரு டெக்சாஸ்காரப் பையன். கிராஸ் பிளெயின்ஸ்னு சின்ன ஊரு. பக்கத்துல எண்ணெய் கிடைச்சு, ரவுடியும் சூதாடியும் வந்து குவிஞ்ச ஊரு. பையனுக்குக் கல்யாணம் காட்சி கிடையாது, அப்பா அம்மா வீட்டிலேயே உக்காந்து டைப்ரைட்டரைத் தட்டினான். கடல் தாண்டினதில்லை, கோட்டை கொத்தளம் கண்டதில்லை. 1932 டிசம்பர்ல 'வியர்டு டேல்ஸ்'ங்கிற பத்திரிகையில கோனன் முதல் தடவையா வாளை உருவினான். 1936ல அம்மா சாகக் கிடந்தாங்க. இனிமே கண் முழிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கே அந்தப் பையன் தன்னைச் சுட்டுக்கிட்டான். வயசு 30. இத்தனை நாளா நீங்க போட்ட சண்டையில அவன் பேரு ஒரு தடவைகூட என் காதுல விழலை. போகட்டும், கதை எழுதினவன் நிலைமை எல்லா ஊர்லயும் அதுதான்.

1970ல மார்வெல் கம்பெனி கோனனைப் படக்கதையா போட்டப்ப நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கூத்து. ராய் தாமஸ்னு ஒருத்தர் கதை எழுதறதுக்கும் உரிமை வாங்கறதுக்கும் பொறுப்பு. இதழுக்கு 150 டாலர் வரைக்கும் கொடுக்கலாம்னு மேல இருந்து அனுமதி. மனுஷன் ஒரு வேகத்துல 200னு எழுதிட்டார். அந்த 50 டாலருக்கு எங்க போய் முட்டிக்கிறது? முதல்ல மனசுல வச்சிருந்தது புசெமாவைத்தான். ஆனா அவருக்குப் பக்கக்கூலி ஜாஸ்தி. கம்மிக் கூலிக்கு வரைய ஒரு சின்னப் பையனைப் பிடின்னுட்டாங்க. அப்படி வந்தவன்தான் 21 வயசு பேரி ஸ்மித். கைதேர்ந்த வெட்டுக்காரனை விட்டுட்டு, நேத்து வந்தவனை நிரைக்கு அனுப்பி செலவைச் சரிக்கட்டற கங்காணி கணக்குத்தான் இது. அவன் அமெரிக்காவுலகூட இல்லை. வேலை பெர்மிட் இல்லேன்னு ஏற்கனவே ஊருக்கு அனுப்பிட்டாங்க. இங்கிலாந்துல இருந்து வரைஞ்சு தபால்ல அனுப்பினான். பெர்மிட் தொல்லை நமக்கு என்ன புதுசா?

ஆக, கண்ணாடிக்காரத் தம்பி, நீ உயிரை விடற கலைமேதை ஒரு 50 டாலர் துண்டு விழுந்ததால கிடைச்சவரு. முதல் இதழ்களைப் பாரு, தலையில கொம்பு வச்ச தொப்பி, கழுத்துல பதக்கம், ஒல்லி உடம்பு. போகப் போகத்தான் அந்தக் கையில மாயம் இறங்குது. கொடியும் நகையும் தூணும் மாடமுமா இழைச்சு இழைச்சு வரைஞ்சு, 24ஆவது இதழோட, 1973ல, போதும்டா சாமின்னு போயிட்டார். மெர்லிமாவ் தம்பி, நீ சிரிக்காதே. உன் புசெமா 25ஆவது இதழ்ல வந்து உக்காந்தவர். வானத்துல பறக்கிற சூப்பர் ஹீரோக்களைக் கண்டாலே அவருக்கு அலுப்பு, கோனன்னா ஆசை. அவரு வந்ததும் கோனனுக்கு மார்பு ரெண்டு மடங்காச்சு, சிரிப்பு பாதியாச்சு. யாரு ஒசத்தின்னு என்னைக் கேட்டா, நான் வேற ஒண்ணு கேப்பேன்.

கேட்டேனே, ஞாபகம் இருக்கா? உங்களை ஒவ்வொருத்தரா தனியாப் பிடிச்சு, முதல் புத்தகம் எப்படிக் கிடைச்சதுன்னு கேட்டேன். கண்ணாடிக்காரனுக்கு மலாக்கா டவுன்ல இருக்கிற மாமா வீட்டு அட்டைப்பெட்டியில, பழைய கலர் புத்தகம். மெர்லிமாவ்காரனுக்குப் பாசார் மாலாம்ல, பழைய புத்தகம் விக்கிறவன்கிட்ட, கறுப்பு வெள்ளைப் பெரிய புத்தகம். ரெண்டு பேருக்கும் அப்ப பத்து வயசு, பத்தரை வயசு. பேரன் எல்லாத்தையும் கைத்தொலைபேசியில ஒரே ராத்திரியில பார்த்தவன், அதனாலதான் அவனுக்குக் கட்சியே கிடையாது. நீங்க வருஷக்கணக்கா ஸ்மித்துக்கும் புசெமாவுக்கும் வாதாடலைடா. அவனவன் தன்னோட பத்து வயசுக்கு வக்கீலா நிக்கறான். கட்சிக்காரனும் நீயே, வக்கீலும் நீயே. தீர்ப்பு எப்படி வரும்?

அந்தக் கறுப்பு வெள்ளைப் புத்தகத்தைப் பத்தி ஒரு வார்த்தை. 'சாவேஜ் சோர்டு ஆஃப் கோனன்', 1974ல ஆரம்பிச்சு 1995 வரைக்கும் 235 இதழ். பத்திரிகை அளவுல போட்டதால, படக்கதைகளுக்குன்னு இருந்த தணிக்கைக் கண்ணுல சிக்கலை. ரத்தம் கறுப்பாத் தெறிச்சுது. அதுல புசெமா பென்சில்ல போட்டுத் தர்ற கோட்டுக்கு மேல மை போட்டவங்க யாரு? அல்ஃப்ரெடோ அல்கலா, எர்னி சான், டோனி டிசுனிகா. எல்லாரும் பிலிப்பைன்ஸ்காரங்க, நம்ம அடுத்த வீட்டு ஆளுங்க. அல்கலா போட்ட மையில ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு செங்கல்லும் தனித்தனியாத் தெரியும். கோனனைத் தொடறதுக்கு முன்னாடியே, 1963ல, 'வோல்டார்'னு சொந்தமா ஒரு வாள்வீரனைத் தன் ஊர்ல உருவாக்கினவர் அவர். அமெரிக்காக்காரன் வந்து கத்துக்கொடுத்த வித்தை இல்லை. மெர்லிமாவ் தம்பி, நீ 'புசெமா, புசெமா'ன்னு மேசையைக் குத்தறப்ப நீ பாதி மெச்சறது மணிலாக்காரனை. இது உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும், ஏன்னா உன்கிட்ட இருக்கிற அந்த இதழ் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கு. காத்துப் பட்டா விலை போயிடுமாம். புத்தகத்தை வாங்கி மூச்சுவிடாம கட்டி வைக்கிறதுக்கு நீ ஒரு மந்திரவாதிகிட்ட வேலைக்குச் சேரலாம். உன் கதையில வில்லன் பண்றதும் அதைத்தானே.

எனக்கும் பத்து வயசு இருந்ததுடா. லயத்து வாசல்ல, கிராணி வீட்டுப் பிள்ளைங்க படிச்சுக் கிழிச்ச அம்புலிமாமா கைமாறி எங்ககிட்ட வரும். 1947 ஜூலையில மெட்ராஸ்ல ஆரம்பிச்ச பத்திரிகை, கப்பலேறி இந்தக் கித்தாக்காட்டுக்கும் வந்துச்சு. சங்கர் போட்ட விக்கிரமாதித்தன், ஒரு கையில உருவின வாள், தோள்ல பொணம், சுத்தியும் சுடுகாடு. 2020ல காலமாகிற வரைக்கும் அந்த மனுஷன் தூரிகையைக் கீழே வைக்கலைம்பாங்க. இன்னொரு பக்கம் தாசரி சுப்ரமணியம் எழுதின தொடர்கதைக்கு சித்ரா படம் போடுவார்: மந்திரவாதி, ராட்சசப் பறவை, குகை, வாலிபன் கையில வாள். உங்க கோனன் அமெரிக்காவுல படக்கதையா வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே, வாளும் சூனியமும் எங்க லயத்துல மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்துல ஓடிக்கிட்டு இருந்துச்சு. எங்க ராஜகுமாரன் மட்டும் சட்டை போட்டிருப்பான், அவ்வளவுதான் வித்தியாசம். சங்கர் ஒசத்தியா சித்ரா ஒசத்தியான்னு பெரட்டுக்களத்துல மங்கு உருள சண்டை போட்டவன் நான். இப்பவும் சங்கர்தான். காரணம் கேக்காதே, வயசைக் கேளு.

சிவகாசிக்காரங்களும் சும்மா இல்லை. 1972ல முத்து காமிக்ஸ், 1984ல லயன் காமிக்ஸ். இப்ப தோர்கல்கூடத் தமிழ் பேசறான். வைகிங் கூட்டத்துல வளர்ந்தவன், பொறந்தது நட்சத்திரக் கூட்டத்துல. வாளும் உண்டு, வான்கப்பலும் உண்டு. பெல்ஜியத்துக்கார வான் ஹாம் எழுத, போலந்துக்கார ரோசின்ஸ்கி வரைய, 1977ல ஆரம்பிச்ச கதை. எனக்கு அந்தப் பயலைப் பிடிக்கும். பெண்டாட்டி பிள்ளையோட எங்கயாவது ஒதுங்கி நிம்மதியா இருந்தாப் போதும்னு பார்க்கிறான், ஊரு விடமாட்டேங்குது. கல்யாணம் ஆனவங்களுக்குப் புரியும். உங்க மூணு பேருக்கும் புரிய நாளாகும்.

'எது ஒரிஜினல், எது போலி'ன்னு தொண்டை வறளப் பேசறதுக்கு மலாக்காக்காரனுக்கு உரிமையே கிடையாதுடா. நம்ம ஊரு வாள்வீரனையே பாருங்க. ஹங் துவா கையில தாமிங் சாரி கெரிஸ். அது கையில இருந்தா எவனாலயும் வீழ்த்த முடியாது. மஜாபாகிட்ல ஒரு வீரன்கிட்ட இருந்தது. அவனை ஏமாத்திக் கத்தியை மாத்திக்கிட்டுத்தான் துவா அவனைச் சாய்ச்சாரு. பின்னால சுல்தான் துவாவைக் கொல்லச் சொல்லிட்டு, அதே கெரிஸை துவாவோட கூட்டாளி ஜெபாட் கையில கொடுத்தார். கூட்டாளியைக் கொன்னுட்டாங்கன்னு நினைச்சு ஜெபாட் அரண்மனையையே கலக்க, மறைஞ்சு கிடந்த துவாவை வரவழைச்சாங்க. அவரு வந்து மறுபடியும் தந்திரம் பண்ணித்தான் கெரிஸை வாங்கினார், கூட்டாளியைக் குத்தினார். ரெண்டு தடவையும் மாயக்கத்தி ஜெயிக்கலை, ஆளோட புத்திதான் ஜெயிச்சுது. கடைசியில அந்தக் கெரிஸை வெள்ளை முதலை ஒண்ணு கடல்ல கொண்டுபோயிடுச்சு. இதையெல்லாம் கம்பத்துக்காரங்ககிட்ட மெதுவாப் பேசுங்க, என் பேரை இழுக்காதீங்க.

இது 'ஹிக்காயாட் ஹங் துவா' சொல்ற கதை. 'செஜாரா மெலாயு'வைத் திறந்தா, துவா குத்தினது ஜெபாட்டை இல்லை, இன்னொரு கூட்டாளி கஸ்தூரியை. எது சரி? நம்ம ஊரு என்ன பண்ணுச்சுன்னு ஜொங்கர் ஸ்திரீட்டுக்குப் போய்ப் பாருங்க. அதுக்கு அரசாங்கப் பேரு ஜாலான் ஹங் ஜெபாட். அந்த ரோட்டுல கல்லறையா இருக்கிறது கஸ்தூரி. ஜெபாட் அடுத்த சந்துல, கம்போங் கூலியில. ரெண்டு கதைக்கும் இடம் ஒதுக்கிட்டு, நடுவுல செண்டோல் வித்துக்கிட்டு இருக்காங்க. 2012ல பேராசிரியர் கூ கே கிம், இந்த ஆளுங்க இருந்ததுக்கே ஆதாரம் இல்லேன்னு சொன்னப்ப நாடே கொந்தளிச்சுது. தஞ்சோங் கிளிங்ல துவாவோட கல்லறைக்கு வர்ற கூட்டம் மட்டும் குறையலை. டவுன்ல 110 மீட்டருக்குக் கெரிஸ் மாதிரியே ஒரு கோபுரத்தைக் கட்டி, தாமிங் சாரின்னு பேரு வச்சு, டிக்கெட் போட்டு மேல தூக்கிச் சுத்திக் காட்டறாங்க. முதலை கொண்டுபோனா என்ன, நம்ம ஆளுங்க புதுசா ஒண்ணு செஞ்சுக்குவாங்க.

இதுலயும் வயசு வேலை செய்யுது. என்கூட வேலை பார்த்த மலாய்க்காரக் கூட்டாளி ஒருத்தர் சாகிற வரைக்கும் துவா பக்கம். 1956ல பி. ரம்லி நடிச்ச கலர் படத்தைச் சின்ன வயசுல பார்த்தவர். படம் எடுத்தது வங்காளத்துக்கார ஃபணி மஜும்தார். மலாக்கா வீரனுக்கு இந்தியாவுல இருந்து டைரக்டர்! அவரு தம்பி ஜெபாட் பக்கம். 1961ல ஹுசேன் ஹனிஃப் எடுத்த படத்துல நோர்டின் அகமட் ஜெபாட்டா நின்னு, அநியாயம் பண்ற ராஜாவுக்கு ஏன் தலை வணங்கணும்னு கேட்டதைப் பார்த்தவர். ஹரி ராயாவுக்கு அவங்க வீட்டுக்குப் போனா ரெண்டாங் ஒரு பக்கம், ரகளை ஒரு பக்கம். அதே 1956ல எங்க கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது எம்.ஜி.ஆர். மதுரை வீரன். தோட்டத்துத் திடல்ல வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டா, மாறுகால் மாறுகை வாங்கற கட்டத்துல பொம்பளைங்க ஒப்பாரி வைப்பாங்க. மறுநாள் காட்டுல பால் கம்மியா இறங்குச்சுன்னு கிராணி கத்துவார்.

அதனால தம்பிகளா, ஸ்மித்தா புசெமாவான்னு அடுத்த வாரமும் சண்டை போடுங்க, நானும் வர்றேன், மூட்டிவிடறதுக்கு ஆள் வேணுமே. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு காரியம் பண்ணுங்க. மெர்லிமாவ் தம்பி அந்த உறையைக் கிழிக்கட்டும். அல்கலா மூச்சு விடட்டும். இன்னொண்ணு, கண்ணாடிக்காரன் நோட்டுல கிறுக்கி வச்சிருக்கிற படங்களை நான் பார்த்துட்டேன். கை நல்லாத்தான் இருக்கு. நார்வே, ஹைபோரியான்னு வரைஞ்சது போதும். பழைய தோட்டம் கைமாறி வீடமைப்பு வந்தப்ப, செம்பனைக்காட்டு ஓரமாத் தள்ளி வச்சாங்களே நம்ம முனியாண்டியை, அவரைப் போய் உக்காந்து வரை. உருட்டின கண்ணு, ஓங்கின அரிவாள், பக்கத்துல குதிரை. ராத்திரியில காட்டைச் சுத்தி வர்றவரு. சூனியக்காரன் எவனும் எல்லையைத் தாண்டி உள்ளே வர முடியாது. உனக்கு இதைவிட என்ன கதாநாயகன் வேணும்?

ஒண்ணே ஒண்ணு கவனம். தொந்தியில கை வைக்காதே. ஸ்மித் பாணியில போட்டா அது காணாமப் போயிடும், புசெமா பாணியில போட்டா ஆறு கட்டாப் பிரிஞ்சுடும். ரெண்டுமே அவருக்குப் பிடிக்காது. மீசையில கஞ்சத்தனம் பண்ணாதே. சுருட்டை மறந்துடாதே. வரைஞ்சு முடிச்சதும் முதல்ல பூசாரிகிட்ட காட்டு. என்கிட்ட வராதே, நான் சங்கர் கட்சி.